சிப்பியை ஒரு வீட்டில் சேர்க்க ஆறரை மாதம்

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் சீசன் முடிகிற நேரம் கடற்கரை நாய்களுக்குக் கெட்ட காலம். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை விடுதிகளின் மிச்சச் சோறும், வெள்ளைக்காரர் எறிகிற பாண் துண்டும் தின்று வளர்ந்ததுகள், மாரி நெருங்கிக் கடைகள் பூட்டத் தொடங்கியதும் ஒரேயடியாகப் பட்டினி கிடக்கும். அப்படி ஒரு செப்டம்பர் கடைசியில்தான் சிப்பி என் பொறுப்பில் வந்தாள். மணல் நிறம், பத்தரைக் கிலோ, பல்லைப் பார்த்தால் ஒன்றரை வயது மதிக்கலாம். மனிதக் கை நீண்டாலே வயிற்றோடு தரையில் ஒட்டிக்கொள்ளும் ஊர்ப் பெட்டை நாய். "ரெண்டு கிழமை வெச்சிருங்க, அதுக்குள்ள ஆராவது எடுப்பாங்க" என்றுதான் கொண்டுவந்து விட்டவர்கள் சொன்னார்கள். அந்த ரெண்டு கிழமை ஆறரை மாதமாக நீண்டது. கையை விட்டுப் போனது 98,500 ரூபாய். அதில் கால்வாசியாவது என் பிழையால் போனது. நான் பட்டதை இன்னொருவர் படாமல் இருக்கட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பிழை முதல் நாளே. பாவம், காற்றாடட்டும் என்று வளவுக்குள் அவிழ்த்து விட்டேன். அவள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. பயந்த நாய்க்குப் பெரிய இடம் கொடுத்தால் அது சுதந்திரமாக உணராது, ஒளிய இடம் தேடும். ஒளிந்த இடத்திலிருந்து இழுத்தெடுத்தால் நம்மேல் உள்ள பயம் இரட்டிப்பாகும். வேண்டியது சின்ன அறை ஒன்று, ஆள் நடமாட்டம் குறைந்ததாக. குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையை ஒதுக்கி, மேசை ஒன்றைச் சுவரோடு போட்டு, மூன்று பக்கமும் பழைய படுக்கை விரிப்பால் மூடி, அடியில் சாக்கு விரித்தேன். குகை மாதிரி. தண்ணீர் ஒரு பக்கம், சாப்பாடு அதிலிருந்து நாலடி தள்ளி. அந்த அறைக்கு இரண்டு கதவு இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். முதல் 30 மணித்தியாலம் அவள் சிறுநீர் கழிக்கவில்லை, நான் பதறிப் போனேன். சீமெந்துத் தரையும் பத்திரிகைத் தாளும் அவளுக்குப் பழக்கமில்லை என்பது பிறகுதான் மூளையில் ஏறியது. மண் சுமக்கிற பழைய தாச்சியில் கடற்கரை மணல் அள்ளி வைத்தேன், அன்றிரவே போனாள். கடற்கரையில் வளர்ந்த நாய்க்கு மணலைக் கொடுங்கள், தோட்டத்தில் வளர்ந்ததற்குப் புல்.

அடுத்தது பழக்குகிற விஷயம். ஒருநாளில் எத்தனை தரம் போய்த் தடவினாலும் பயம் போகாது, கூடும். நாய்க்குட்டியின் மூளை புது ஆட்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கிற காலம் பிறந்து மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டு, பதினாலாம் கிழமை வரைதான். அதற்குள் மனிதக் கை நல்லது என்று படியாத நாய்க்குப் பிறகு படிப்பிக்கலாம், ஆனால் அதன் வேகத்தில்தான். நான் செய்தது இது: காலை, பின்னேரம், இரவு என்று மூன்று வேளையும் ஒரே நேரத்துக்கு அறைக்குள் போய், பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் இருபது நிமிடம் இருப்பது. முகத்தைப் பார்ப்பதில்லை. பேப்பரை மெல்லிய குரலில் வாசிப்பேன், அவ்வளவுதான். போகும்போது கடலைப்பருப்பு அளவில் கிள்ளிய அவித்த மீன் துண்டுகள் ஒரு கைப்பிடி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துண்டை நமக்குக் கிட்டப் போட்டு இழுக்கக் கூடாது. பசியில் வந்து எடுக்கும், எடுத்ததும் தான் எவ்வளவு கிட்ட வந்துவிட்டோம் என்று கண்டு திடுக்கிட்டு ஓடும். துண்டை அதற்குப் பின்னால் எறியுங்கள். எடுக்கப் பின்வாங்கும், அங்கே பயம் தணியும், பிறகு தானாக ஒரு அடி முன்னுக்கு வரும். அந்த ஒரு அடி அதன் சொந்த முடிவு. சிப்பி ஏழு அடியிலிருந்து இரண்டடிக்கு வரப் பதினாறு நாள் பிடித்தது. உதட்டை நக்குவது, கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கமாகப் பார்ப்பது, அசையாமல் உறைவது எல்லாம் "போதும்" என்கிற சொல். உறுமினால் அதட்டக் கூடாது. உறுமுவதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த தரம் உறுமாமல் கடிக்கும்.

கடி என்றதும் ஒன்று சொல்லி விடுகிறேன். ஊர் பேர் தெரியாத நாயைக் கையாளப் போகிறவர் தொடுவதற்கு முன்னமே விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டு வைக்க வேண்டும். பல் பட்டால், கீறல்தானே என்று விடாமல், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அரச ஆஸ்பத்திரிக்கு அன்றே போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூசாதீர்கள்.

இனி எனக்கு இன்றைக்கும் மனம் உறுத்துகிற இடம். சிப்பி முதல் பத்து நாள் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டாள். பயத்தில் சாப்பிடாமல் கிடக்கிறாள், பழகினால் சரியாகும் என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் கொட்டாவி விடும்போது பல் முரசு கண்ணில் பட்டது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தது. ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால், உண்ணிக் காய்ச்சல். இரத்தத் தட்டுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பயந்த நாய் ஆள் இல்லாத இரவில் சாப்பிடும். இரவிலும் மிச்சம் வைத்தால் நோயாக இருக்கலாம். தொடாமலே பார்க்கக்கூடியவை சில: கொட்டாவியில் முரசின் நிறம், சிறுநீரின் நிறம், படுத்து எழும்பும்போது தடுமாற்றம். டொக்சிசைக்கிளின் 50 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று என்று 28 நாள் எழுதித் தந்தார். அளவு நாயின் நிறைக்கு ஏற்பத்தான், இதைப் பார்த்து நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுக்கும், பாலோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். தொண்டையில் ஒட்டினால் புண்ணாக்கும், ஆகவே மீன் உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, மேலே இரண்டு வாய் மீன் அவித்த தண்ணீர். ஐந்தாம் நாளே உசார் வந்துவிடும், நிறுத்தி விடாதீர்கள். உண்ணிக்கு மூன்று மாதம் வேலை செய்கிற குளிசை ஒன்று 7,500. விலைதான், ஆனால் தொட முடியாத நாய்க்கு மருந்துக் குளிப்பாட்ட நினைப்பதைவிட நூறு மடங்கு மேல். உண்ணி சுவர் வெடிப்புக்குள் ஏறி முட்டையிடும், அதனால் நாயோடு சேர்த்து அறைச் சுவரையும் பாருங்கள். பிடுங்குவதென்றால் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, நாயின் தோலையும் வெந்து போகச் செய்யும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு.

சாப்பாடு பெரிய வித்தை இல்லை. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த சோறு 250 கிராம், முள்ளெடுத்த சூடை மீன் 150 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் பூசணி. இரண்டு வேளையாகப் பிரித்து. உப்பு, வெங்காயம் கிடையாது. மிச்சக் கறியைப் போடுகிறவர்கள் கறியில் கிடக்கிற வெங்காயத்தை நினைப்பதில்லை, அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கோழி எலும்பு வெந்தால் ஊசியாகப் பிளக்கும்.

இருபத்திநாலாம் நாள் நாடிக்குக் கீழே மூன்று எண்ணும் வரைக்கும் தொட விட்டாள். தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், மூன்று எண்ணி நிறுத்தி, இன்னும் வேண்டுமா என்று அவளே சொல்லக் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம். மூன்றாம் நாள் தீபாவளி, எல்லாம் போச்சு. பின்னேரம் ஐந்து மணிக்கே சீனவெடி தொடங்கியது. யன்னல் திறந்து கிடந்தது, நான் விருந்தாளிகளோடு. போய்ப் பார்க்கையில் கதவுச் சட்டத்தைச் சுரண்டி நகத்தில் இரத்தம். பழைய ஏழடித் தூரத்துக்கே திரும்பிப் போனாள், அதை மீட்க இன்னும் இரண்டு கிழமை. இடியும் அந்த மாதம்தான் பின்னேரங்களில் வரும். வெடியும் இடியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போது நாய் தாங்காது, ஒரு அதிர்ச்சி உடம்பை விட்டு இறங்க நாட்கள் எடுக்கும். தீபாவளி, வருடப்பிறப்பு, கோவில் திருவிழா எல்லாத் திகதியும் நமக்கு முன்கூட்டியே தெரியும். நாலு மணிக்கு முன் நடை முடித்து, யன்னலை அடைத்துத் தடித்த விரிப்புத் தொங்கவிட்டு, ஃபானும் ரேடியோவும் போட்டு, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மீன் துண்டு போட்டிருக்கலாம். பயப்படும்போது தேற்றினால் பயம் பழகிவிடும் என்பது வெறும் கதை. கிட்ட வந்தால் கூட இருங்கள். தேவையென்றால் ஒரு மாதத்துக்கு முன்னமே வைத்தியரிடம் கேட்டு மருந்து வைத்திருக்கலாம். அவரிடம் "பயத்தைக் குறைக்கிற மருந்தா, அசையாமல் போடுகிற மருந்தா" என்று கேளுங்கள். சில மருந்து உடம்பைக் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே கிடக்கும். மனிதரின் நித்திரைக் குளிசை வேண்டவே வேண்டாம்.

வெளியே கூட்டிப் போவதற்கு முன் பட்டி. ஊர் நாய்களுக்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே அகலம். பின்னுக்கு இழுத்தால் கழுத்துப் பட்டி வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்றுவிடும். மார்போடு சேர்த்துக் கட்டுகிற ஹார்னெஸ் வேண்டும், அதுவும் போதாது, முன்கால் வழியாகப் பின்வாங்கிக் கழற்றும். விலாவுக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் மூன்றாவது பட்டி ஒன்று இருக்க வேண்டும். கடையில் கிடைக்கவில்லை. சப்பாத்துத் தைக்கிற அண்ணையிடம் கொடுத்துப் பள்ளிக்கூடப் பை வாரால் தைத்தெடுத்தேன், வடிவாகச் செய்து தந்தார். ஹார்னெஸில் ஒரு கயிறு, கழுத்துப் பட்டியில் ஒரு கயிறு, இரண்டும் வெவ்வேறு கையில். நாலு நாள் அந்த ஹார்னெஸைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்த பிறகுதான் உடம்பில் போட்டேன். நடை விடிய ஐந்து மணிக்கு, அலஸ்தோட்டம் பக்கம் மீன் வள்ளங்கள் கரைக்கு வருவதற்கு முன்.

கருத்தடையை ஜனவரியில்தான் செய்தேன். முந்தியே செய்யச் சொல்லிப் பலர் நெருக்கினார்கள். ஆனால் தட்டுக்கள் குறைந்த நாயை வெட்டினால் இரத்தம் நிற்காது, திரும்ப ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துச் சரி என்ற பிறகே. 15,000 ரூபாய். இடையிடையே இலவச முகாம்களும் நடக்கும். ஆனால் கூட்டமும் குரைப்பும் நிறைந்த இடத்துக்குச் சிப்பியைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பெட்டை நாயைக் கருத்தடை செய்யாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். 63 நாளில் ஐந்தாறு குட்டி வரும், பெட்டைக்குட்டிகள் உரப் பையில் கட்டிச் சந்தையடிக்குப் போகும். அதுதான் நடக்கிறது.

பெப்ரவரியில் வீடு தேடத் தொடங்கினேன். கடற்கரையில் காது நிமிர்த்தி நிற்கிற அழகான படம் ஒன்று, "சாதுவான நாய், அன்பானவள்" என்று இரண்டு வரி. முப்பது பேருக்கு மேல் கேட்டார்கள். களைத்துப் போயிருந்தேன், உள்ளதைச் சொன்னால் அதுதான் உண்மை. நகரத்துக்குள் ஒரு குடும்பம், மதில் உண்டு, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்றதும் ஒரே நாளில் கொடுத்துவிட்டேன். அவர்கள் கெட்ட ஆட்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது காவல் நாய். கேற்றடியில் சங்கிலியில் கட்டினார்கள். மூன்றாம் நாள் ரியூசன் பிள்ளைகள் சைக்கிளில் இரைந்து வர, பட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குத் தகவல் வந்தது அடுத்த நாள்.

தொலைந்த பயந்த நாயைத் தேடுவது வேறு கலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நாலு பேர் தேடினால் அது இன்னும் தூரம் போகும். அந்த நிலையில் சொந்த ஆளைக்கூட அடையாளம் காணாது. நோட்டீஸில் "கண்டால் கூப்பிட வேண்டாம், துரத்த வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். ரயில் நிலையத்துக்கு அப்பால் தண்டவாளத்தோரப் பற்றைக்குள் ஒரு மதகடியில் விடியப்புறம் கண்டதாக ஒரு ஓட்டோக்காரத் தம்பி அழைத்தார். அவள் படுத்த சாக்கைக் கழுவாமல் கொண்டுபோய் அங்கே போட்டு, மீன் அவித்த தண்ணீரைச் சுற்றிவர ஊற்றி, ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில்தான் வருவாள். நான் பக்கவாட்டாக நிலத்தில் இருந்து பேப்பர் வாசிக்கிற அதே குரலில் எதையாவது முணுமுணுத்தபடி துண்டைப் பின்னால் எறிந்தேன். சாமான் அறையில் செய்த அதே விளையாட்டு. நாலாம் இரவு மடியில் நாடியை வைத்தாள். பாய்ந்து பிடிக்கவில்லை, சுருக்குக் கயிற்றைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே விரித்து வைத்து, தலை உள்ளே வந்த பிறகு மெதுவாக இழுத்தேன். அழுதேன், அதை மறைப்பானேன்.

இரண்டாம் தரம் விளம்பரத்தை மாற்றி எழுதினேன். "புது ஆளைக் கண்டால் மேசைக்கடியில் போகும். மூன்று மாதத்துக்கு உங்களைத் தொட விடாது. குரைக்காது, காவலுக்கு உதவாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒத்துவராது. அமைதியான இன்னொரு நாய் இருக்கிற வீடு வேண்டும்." மேசைக்கடியில் கிடக்கிற படம். மூன்றே பேர் கேட்டார்கள். மூவரும் விஷயம் விளங்கிக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகளில் "நாய் பிடிக்குமா" என்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரவில் எங்கே படுக்கும்? கேற் பகலில் எத்தனை தரம் திறக்கும்? முந்தி வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கு "காணாமல் போயிற்று" என்ற பதில் இரண்டு தரம் வந்தால் யோசியுங்கள். வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதமா? வெளிநாடு போகிற எண்ணம் உண்டா? நம் பக்கத்தில் நாய்கள் தெருவுக்கு வருவதற்கு விசா ஒரு பெரிய காரணம். பக்கத்து வீட்டாருக்கு நாய் வளவுக்குள் வருவது ஆகாது என்றால் வேலி எப்படி? கடைசிக் கேள்வியைப் போனில் கேட்காமல் நேரில் போய் வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள்.

சாம்பல்தீவுப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு ஐயாவும் அம்மாவும், பத்து வயதுக் கடுவன் நாய் ஒன்று, சத்தமில்லாத வளவு. இந்தத் தரம் அவசரப்படவில்லை. முதலில் அவர்கள் என் வீட்டுக்கு வந்து சாமான் அறையில் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள், இரண்டு தரம். ஐயா பேப்பர் வாசித்தார், நான் வாசிப்பதைவிட அவர் குரல் அவளுக்குப் பிடித்தது போல, காது அந்தப் பக்கம் திரும்பியது. மூன்றாம் தரம் இரண்டு நாயையும் யாருடைய வளவும் இல்லாத பொது வீதியில், அறுபது அடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்தினோம். நேருக்கு நேர் விடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. கிழட்டு நாய் மூக்கை நிலத்தில் வைத்தபடி தன் பாட்டில் நடக்க, சிப்பியின் வால் காலிடுக்கிலிருந்து வெளியே வந்தது. ஆறு மாதம் நான் செய்த வேலையில் பாதியை அந்த நாய் ஒரு பின்னேரத்தில் செய்தது என்று சொன்னால் பொய்யில்லை. நாலாம் தரம் அரைநாள் அங்கே விட்டேன். பிறகு கழுவாத சாக்கு, அதே மணல் தாச்சி, அதே கோப்பையோடு இரண்டு கிழமை வெள்ளோட்டம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்: வைத்திருக்க முடியாவிட்டால் என்னிடமே திரும்ப வரும், வேறு யாருக்கும் கைமாறாது, முதல் மாதம் இரட்டைக் கயிறு இல்லாமல் கேற்றைத் தாண்டாது.

கணக்குக் கேட்பவர்களுக்கு: சாப்பாடு 27,000, கருத்தடை 15,000, உண்ணிக் குளிசை இரண்டு தரம் 15,000, ஓட்டோ 11,000, தேடிய நாலு நாளும் நோட்டீஸும் 9,000, வைத்தியரும் இரத்தப் பரிசோதனைகளும் 6,500, ஹார்னெஸ் கயிறு வகையறா 6,200, மற்ற நோய்களுக்கான ஊசிகள் 5,000, மருந்து 3,800. விசர்நாய்க்கடி ஊசியை அரச பகுதியினர் நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறார்கள், நான் நவம்பரில் போடுவித்தேன். ஓட்டோக் காசு கூடினதற்குக் காரணம், பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஓட்டோக்காரரும் பாதிப் பேர் "அக்கா, கடிக்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாக்கு விரித்த பிளாஸ்டிக் கூடையும் மேலே மூட ஒரு துணியும் காட்டினால் வருவார்கள், ஒரே ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

சித்திரை நடுவில் ஐயா அழைத்தார். பால்காரருக்குச் சிப்பி ஒரு தரம் குரைத்துவிட்டுத் தானே பயந்து உள்ளே ஓடிவிட்டாளாம். ஊசி அட்டையை அவர்கள் சுவர் நாட்காட்டியின் நவம்பர்த் தாளில் குத்திவிட்டுத்தான் வந்திருந்தேன், மழைக்குள் அங்கே ஓட்டோ பிடிப்பது கஷ்டம் என்பதால் அதற்கு மேலே அந்தத் தம்பியின் நம்பரையும் எழுதி வைத்தேன்.